ஒன்பது ஆணி

நான் செய்த குற்றம் இதுதான்: குடியிருந்த வீட்டைக் காலி செய்யப்போகிறேன் என்று ஒரு மாதம் முன்கூட்டியே சொன்னேன்.

வாடகை பாக்கி கிடையாது. கரண்ட் பில் பாக்கி கிடையாது. நான்கு வருஷத்தில் ஒரு மாதம்கூட ஐந்தாம் தேதி தாண்டியதில்லை. மாடிப்படியில் அதிர்ந்து நடந்ததில்லை. அப்படிப்பட்ட நான் 2024 ஜூன் 1-ம் தேதி மாலை கீழ்வீட்டு ஹாலில் நின்று, "சார், இந்த மாசக் கடைசியில காலி பண்றோம்" என்றதும் வீட்டுக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயில் உண்டியலோடு பிடிபட்டவனைக்கூட ஊர் அப்படிப் பார்க்காது.

அதுவரை நான் அவருக்குத் தம்பி. "நம்ம பையன் மாதிரி" என்று வருகிறவர்களிடம் அறிமுகம் வேறு. அந்த நொடியில் மிஸ்டர் ஆனேன்.

"என்ன மிஸ்டர், திடீர்னு இப்படிச் சொன்னா எப்படி?"

"திடீர்னு இல்ல சார். முப்பது நாள் இருக்கு."

"முப்பது நாள்ல நான் எங்க போய் ஆள் பிடிப்பேன்? ஜூலை நடுவுல ஆடி பொறந்துரும். ஆடியில எவன் வந்து பால் காய்ச்சுவான்? கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. வேலை ஊரின் மறுகோடிக்கு மாறியதைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்க்கத் தவறிவிட்டேன். என் மேலாளருக்கும் ஆடி, மார்கழி தெரியாது.

"உங்களை நாங்க வாடகைக்காரங்களாவா பார்த்தோம்?" என்று அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா தழுதழுத்தார். இல்லைதான். வாடகைக்காரனாகப் பார்த்திருந்தால் மாதாமாதம் ரசீது கொடுத்திருப்பார்கள்.

2020 ஆவணியில் இதே மனிதரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொரோனாவுக்குப் பயந்து சென்னையிலிருந்து ஜனம் மூட்டை கட்டிய வருஷம். தெருவுக்கு நாலு டு-லெட் போர்டு தொங்கியது. வீடு பார்க்கப் போனவனுக்கு மோர் கொடுத்தார். ஃபேன் போட்டுக் காட்டினார். "எப்ப வேணும்னாலும் வாங்க, எப்ப வேணும்னாலும் போங்க தம்பி. உங்க வீடு மாதிரி" என்றார். அந்த வாக்கியத்தின் நடுப்பகுதியை நம்பியதுதான் நான் செய்த பிழை.

இதே கதையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் நம்மைக் காலி செய்யச் சொல்கிறார். அப்போது ஆடி குறுக்கே வராது. முப்பது நாள் அதிகம் என்றுகூடத் தோன்றும். காரணமும் ஊருக்கே பொது: "பையன் அமெரிக்காவிலேர்ந்து வர்றான்." நாற்பது வருஷமாக இந்த நகரத்தில் அந்தப் பையன் வந்துகொண்டிருக்கிறான். சொன்னபடி எல்லாப் பையன்களும் வந்து இறங்கியிருந்தால் அமெரிக்காவில் இன்று கம்ப்யூட்டர் தட்ட ஆள் இருக்காது. பையன் வருவதில்லை. பத்தாம் நாள் டு-லெட் போர்டு வருகிறது, வாடகையில் 4,000 ரூபாய் கூடி.

அவர் அனுப்பினால் குடும்ப நிலைமை. நாம் போனால் துரோகம்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 20 ரூபாய் பத்திரத் தாளில், 11 மாதத்துக்கு. ஏன் 11 மாதம் என்று இந்த நாட்டில் குழந்தைகூடக் கேட்பதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. பதிவு செய்தால் கட்டணம். பதிவு செய்தால் கணக்கு. ஆகவே வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை ஏமாற்றுவதற்காக, நாம் வருஷத்துக்கே 11 மாதம் என்று வைத்துக்கொண்டோம். பூமி சூரியனைச் சுற்ற 12 மாதம் எடுத்துக்கொள்வது அதன் சொந்தப் பிரச்சினை.

அந்த 11 மாதம் 2021 ஜூலையில் முடிந்தது. புதுப்பிக்கலாமா என்று கேட்டேன். "நமக்குள்ள எதுக்குத் தம்பி பத்திரமெல்லாம்?" என்றார். வாடகையை மட்டும் புதுப்பித்தார். 15,000 என்று தொடங்கியது 19,000-ல் வந்து நின்றது. ஒப்பந்தத்துக்கு நாம் உறவு. வாடகைக்கு நாம் அந்நியர்.

ஒப்பந்தம் காலாவதியான பிறகும் குடியிருந்து, அவரும் வாடகை வாங்கிக்கொண்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது மாதாமாதம் ஓடும் வாடகை. 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவுப்படி அதை முடித்துக்கொள்ள, இரண்டு பக்கமும், 15 நாள் நோட்டீஸ் போதும். நான் கொடுத்தது 30 நாள். பழைய பத்திரத்தில் இருந்ததும் ஒரு மாதம்தான்.

"அதெல்லாம் சட்டம். நம்ம வீட்ல மூணு மாசம்" என்றார்.

அவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் சட்டத்தின் பெயரால் அடுத்தவர் மனுவைத் திருப்பி அனுப்பியவர்.

வக்கீல் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: வாய்ப்பேச்சு வேண்டாம், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பு. அனுப்பினேன். மாடியில் இருக்கும் நான், கீழே இருக்கும் அவருக்கு, ஊர் சுற்றி வரும் தபால்காரர் மூலம் கடிதம் போட்டேன். பதினாறு படி தூரத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. தெருவே கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது: "எனக்கே ரிஜிஸ்டர் தபாலா?" தெரு என்னை விரோதமாகப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரரும் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்குள் ஜனம் வரத் தொடங்கியது.

வீடு காட்டுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு ஒரு குடும்பம். படுக்கையறைக்குள் நின்றுகொண்டு "உள்ள வரலாமா?" என்று கேட்டார்கள். ஒரு மாமா பூஜை அலமாரியைத் திறந்து ஆழம் பார்த்தார். ஓர் அம்மாள் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, "இது வீட்டோட வருமா?" என்றார். ப்ரோக்கர் என் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனில் அடுத்த ஆளிடம் "காத்தோட்டமான வீடு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காற்றோட்டம்தான். கதவைத்தான் யாரும் சாத்த விடவில்லையே.

வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி வேலை பற்றி இல்லை, சம்பளம் பற்றியும் இல்லை. "நீங்க வெஜிடேரியன்தானே?" சாதியை நேராகக் கேட்டால் அநாகரிகம். அதனால் கத்திரிக்காயைக் கேட்கிறார்கள். பதில் திருப்தியாக இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு, "வீடு ஆல்ரெடி பேசிட்டாங்க" என்று சொல்லியனுப்பினார். பேசியதெல்லாம் அவர்தான்.

கடைசி வாரம் மோட்டார் ரிப்பேர் ஆனது. கீழ்வீட்டுக்கு இல்லை. மேல்வீட்டுக்கு மட்டும். வாடகைதாரருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திவைக்கக் கூடாது என்று சட்டம் எழுதியிருக்கிறது. மோட்டாருக்குப் படிக்கத் தெரியாது. ஆறு நாள் குடத்தில் சுமந்தோம். என் மனைவிக்கு அந்தப் பதினாறு படியும் இன்றுவரை கனவில் வருகின்றன.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தது. எங்கள் மாடிக்குத் தனி இணைப்பு கிடையாது. சப் மீட்டர். யூனிட் ஒன்பது ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. அரசின் இலவசம் தரைத்தளம் வரை வந்தது. படி ஏறவில்லை.

சரி, அட்வான்ஸுக்கு வருவோம். இந்த ஊரில் எல்லாமே அங்கேதான் வந்து முடியும்.

நுழையும்போது பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தேன். 1,50,000 ரூபாய். வங்கியில் வருஷத்துக்கு 6 சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 9,000. நான்கு வருஷத்துக்கு 36,000. அந்த வட்டி எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பண்பில்லாதவன். முதலைக் கேட்டாலே நோட்டீஸ் தபால் கதைதான்.

சாவி கொடுக்கப் போன அன்று கணக்கு தயாராக இருந்தது. ஏதோ கல்யாணப் பத்திரிகையின் முதுகில், அழகான கையெழுத்தில்:

பெயிண்டிங் (ஒரு மாத வாடகை): 19,000
நோட்டீஸ் குறைவு: 19,000
பாத்ரூம் கதவு ஊறல்: 4,500
கிளீனிங்: 3,000
மோட்டார் ரிப்பேர் பங்கு: 2,500
ஆணி, 9 × 200: 1,800
குழாய்: 1,200

ஆக 51,000. போக மீதி 99,000. செருப்புக் கடை விலை மாதிரி இருந்தது. அடி அளவும் பொருத்தம்.

மோட்டார் ரிப்பேரில் பங்கு! எந்த மோட்டார் எனக்குத் தண்ணீர் தரவில்லையோ, அதன் வைத்தியச் செலவு. தூக்குக் கயிற்றுக்குக் கைதியிடமே காசு வாங்குவது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பத்திரிகையின் முதுகு என்னிடம் இருக்கிறது.

ஆணிக்கு வருகிறேன். "சார், ஆணியைப் பிடுங்கி ஓட்டையை நானே பட்டி வெச்சு அடைச்சுத் தந்துடறேன்" என்றேன். "நீங்க தொடாதீங்க. சுவர் பேர்ந்துரும். நம்ம ஆள் இருக்கான்" என்றார். ஒன்பது ஆணி. விரலை நீட்டி எண்ணினார். காலண்டர், கடிகாரம், அப்பா படம், பிள்ளையின் பள்ளி அட்டை. நான்கு வருஷம் ஒரு குடும்பம் ஒன்பது இடத்தில் சுவரைத் தொட்டிருக்கிறது. தொட்டதற்கு 1,800.

பெயிண்டிங்கில்தான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல். குழாய் வாஷர், ஸ்விட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி வாடகைதாரர் தலையில். ஒப்புக்கொள்கிறேன், அந்த 1,200 ரூபாய் குழாய் என்னுடையதே. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பதும்? உரிமையாளரின் பொறுப்பு. அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு சட்டம் இருக்கிறது. வருமான வரிச் சட்டம். வாடகை வருமானம் காட்டுகிறவருக்கு, சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை அப்படியே கழித்துக்கொள்ளச் சலுகை. ஒரு ரூபாய் செலவழித்தாரா என்று யாரும் பில் கேட்பதில்லை. என் 19,000 ரூபாய் வாடகைக்கு வருஷத்துக்கு 2,28,000. சொத்து வரியைத் தள்ளிவைத்தால், அதில் 30 சதவீதம் 68,400. அடிக்காத பெயிண்டுக்கு அரசு ஆண்டுதோறும் ஆசி வழங்குகிறது. அதற்கு மேல் நான் ஒரு மாத வாடகை மொய் வைக்கிறேன்.

வருமானத்தைக் காட்டினால்தானே இதெல்லாம் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. உண்மைதான். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பேன் எண்ணைத் தர வேண்டும். முதல் வருஷமே கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீங்க தம்பி. எட்டாயிரம்னு போட்டுக்குங்க, மிச்சத்தைக் கையில குடுத்துடுங்க" என்றார். எட்டாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 96,000. லட்சத்துக்கு நாலாயிரம் கம்மி. கணக்கில் புலி. ஆக, வருமானத்தைக் காட்டுகிறவருக்கு 30 சதவீதம் கழிவு. காட்டாதவருக்கு 100 சதவீதம் கழிவு. இதே மனிதர் காலையில் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் அரசியல்வாதிகளின் கறுப்புப் பணத்தைப் பற்றி இரண்டு சுற்று பேசுவார். மூன்றாவது சுற்றில் இளைஞர்களின் ஒழுக்கம்.

"மீதி 99,000 எப்ப சார் கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"புது ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் குடுத்துடறேன்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும். இவர் என் பணத்தைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை. செலவழித்துவிட்டார். மாடிக்குப் போட்ட கிரில்தான் என் அட்வான்ஸ். இனி வரப்போகிறவனின் பணம் எனக்கு. அவன் போகும்போது அவனுக்கு அடுத்தவனின் பணம். இப்படிப் புதியவன் காசில் பழையவனுக்குக் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் தொண்ணூறுகளில் வரிசையாகக் கவிழ்ந்தபோது தமிழகம் கொதித்தது. முதலீட்டாளர் நலனைப் பாதுகாக்க 1997-ல் தனிச் சட்டமே வந்தது. சொத்தை முடக்கினார்கள். ஆட்களை உள்ளே வைத்தார்கள். அதே தொழிலை ஒரு மாடி கட்டி, வாசலில் கோலம் போட்டுச் செய்தால் அதற்குப் பெயர் ஊர் வழக்கம்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்று அந்த 2017 சட்டம் சொல்கிறது. புது ஆள் வரும்வரை என்று சொல்லவில்லை. ஆடி முடியும்வரை என்றும் சொல்லவில்லை.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. இதில் ஒரு சிறு வரலாறு உண்டு. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. தெரு பத்து மாதம் வாங்கியது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சட்டம் ஒன்று என்று சொல்ல, தெரு பத்து என்று வாங்க, இரண்டும் சந்தித்துக்கொள்ளாமல் கண்ணியமாக வாழ்ந்தன. கடைசியில் சட்டம் இறங்கி வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்ட விரோதம் என்று புதிதாக எழுதினார்கள். எழுதிய பேனா அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதே வரியில் ஒரு வாலையும் ஒட்டினார்கள்: மாறாக ஒப்பந்தம் இருந்தால் தவிர.

மறுபடி படியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வாங்குவது தவறு, இருவரும் ஒப்புக்கொண்டால் தவறில்லை. வீடில்லாதவனும் வீடுள்ளவனும் எதிரெதிரே உட்கார்ந்து சம உரிமையோடு ஒப்புக்கொள்கிறார்களாம். 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் போட்டவர்களுக்கு இந்த யோசனை தோன்றவில்லை பாருங்கள். "வரதட்சணை வாங்குவது குற்றம், பெண்ணின் தகப்பன் ஒப்புக்கொண்டால் தவிர" என்று எழுதியிருந்தால் எத்தனை வழக்கு மிச்சமாகியிருக்கும்! பெயிண்டிங் பட்டியலிலும் இதே வால் உண்டு. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரைதான் வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு. இந்தச் சட்டத்தை எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் வாடகை வீட்டில் குடியிருந்தவர் இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். மத்திய அரசு 2021-ல் ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வெளியிட்டது. குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் அட்வான்ஸ் என்றது அது. மாதிரி என்றால் தெரியுமல்லவா? கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது. தின்னத் தர மாட்டார்கள்.

இன்னும் ஒரு வேடிக்கை. நம் 2017 சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாதமோ 11 நாளோ, தப்பிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. ஒப்பந்தம் போடாவிட்டால் என்ன ஆகும்? அதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் குடியிருப்பவரை வெளியேற்றக் கேட்கலாம். "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்" என்று சொன்னது அவர். பத்திரம் இல்லாத குற்றத்துக்குச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போவது நாம்.

வாடகை அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பட்டா, வெள்ளம், தேர்தல், மந்திரி வருகை எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் என் ஒன்பது ஆணியைப் பற்றி விசாரிப்பார். 51,000 ரூபாய்க்காக அலுவலகத்துக்கு எத்தனை நாள் லீவு போடுவது, வக்கீலுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரர் அந்தக் கணக்கை எனக்கு முன்பே போட்டு வைத்திருந்தார். நம் எல்லோரையும் பற்றியும் போட்டு வைத்திருக்கிறார்கள். பிடித்தம் எப்போதும் வழக்குச் செலவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்பது தற்செயல் என்று நினைத்தீர்களா?

வாடகைக்காரர்களிலும் அயோக்கியர்கள் உண்டு, தெரியும். வருஷக்கணக்கில் வாடகை தராமல், வீட்டையும் விடாமல், கிழவர்களைக் கோர்ட் படியேற வைத்தவர்கள் உண்டு. ஓய்வூதியம் இல்லாத விதவைக்கு அந்த ஒரு போர்ஷன் வாடகைதான் அரிசி. அவர்களின் கோபத்துக்கு நான் கை கட்டி நிற்கிறேன். ஆனால் காலி பண்ணாதவனுக்குச் சேர வேண்டிய வசவு, காலி பண்ணுகிறவனுக்கு ஏன் வந்து சேர்கிறது?

என் அலுவலகத்தில் ஒரு நண்பர். வாடகை வீட்டில் இருந்தவரை என்னைவிட அதிகம் கொதித்தவர். அட்வான்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே டீ கிளாஸை மேஜையில் அடிப்பார். போன வருஷம் பெரும்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டார். எத்தனை மாத அட்வான்ஸ் என்று கேட்டேன். டீயை மெதுவாகக் குடித்தார். "பத்து. ஏரியா ரேட் அதான்பா" என்றார். கிளாஸைச் சத்தமில்லாமல் வைத்தார்.

என் 99,000 இரண்டு தவணையாக வந்தது. 50,000 ஆவணியில், மீதி புரட்டாசியில். நடுவே பதினொரு முறை ஃபோன் செய்தேன். ஐந்தாம் தேதி காலையிலேயே வாடகைக்காக மாடிப்படியில் செருமியவர், "பணத்துக்காக மனுஷனை இப்படி அரிக்கக் கூடாது மிஸ்டர்" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

ஐப்பசியில் ஒருநாள் பழைய முகவரிக்கு வந்த தபாலை வாங்கப் போனேன். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பையனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தார்கள். பையன் வரவில்லை, இவர்கள் போயிருக்கிறார்கள். மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த இளைஞன் தபாலை எடுத்துவைத்திருந்தான். "உள்ள வாங்க சார்" என்றான். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். மோட்டார் ஓடுகிறது போல.

சுவரைப் பார்த்தேன். அதே வெளிறிய கிரீம் நிறம். ஃபிரிட்ஜ் இருந்த மூலையில் என் பிள்ளை கிரேயானில் வரைந்த ரயில் அப்படியே நின்றுகொண்டிருந்தது, ஏழு பெட்டியோடு. வாசல் கேட்டுக்கு மட்டும் புது பெயிண்ட்.

காலண்டர் இருந்த இடத்தில் அவர்களுடைய காலண்டர். அப்பா படம் இருந்த இடத்தில் முருகன்.

நான் சுவரையே பார்ப்பதைக் கண்டு அவனாகவே சொன்னான்: "ஆணியெல்லாம் ஏற்கெனவே இருந்துச்சு சார், நல்லதாப் போச்சு. புதுசா ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கார். காலி பண்றப்ப ஆணிக்கு முந்நூறு பிடிச்சுக்குவாராம்."

எண்ணிப் பார்த்தேன். ஒன்பதும் இருந்தன.